வீட்டு போக்கருக்கு எத்தன சிப்பு, என்னென்ன மதிப்பு: காரைக்குடி பட்டாலையில படிச்ச பாடம்

பொங்கலுக்கு ஊர்ல எல்லாரும் கூடுனா பெரிய வீட்ல ராத்திரி என்ன நடக்கும்னு எங்க பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், பட்டாலையில (வீட்டு முன்கூடத்துல) ஜமுக்காளம், நடுவுல சீட்டுக்கட்டு, சுத்தி பங்காளிங்க. அப்பச்சி காலத்துல 304, ரம்மி. நாங்க ஒரு எட்டுப் பேரு கொஞ்ச வருஷமா டெக்சஸ் ஹோல்டம்ங்கிற போக்கர் ஆட்டத்துப் பக்கம் போயிட்டோம். ஆட்டம் கத்துக்கறது ஒரு ராத்திரி வேல, ஆனா புள்ளிக் கணக்குக்கு வெக்கற கலர் வில்லை, அதான் சிப்பு, எவ்ளோ வாங்கணும், எந்தக் கலருக்கு என்ன மதிப்பு, ஆளுக்கு எத்தன கொடுக்கணும்ங்கிற இந்தச் சின்ன விஷயத்துல நாங்க பட்ட பாடு இருக்கே, அதான் இத எழுதறேன், நீங்களாச்சும் மொதல் தடவையே சரியா வாங்கிருங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. கீழ நான் 1, 5, 25னு சொல்றதெல்லாம் எங்களுக்குப் புள்ளி. கேஷ் கேம்ங்கிறது ஆட்ட முறையோட பேரு, எப்ப வேணா உக்காரலாம், எப்ப வேணா எந்திரிக்கலாம், பிளைண்ட் (சீட்டு போடறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு கட்டாயமா கட்டுற புள்ளி) ஏறிக்கிட்டே போகாது, சிப்போட மதிப்பு கடைசி வரைக்கும் அதே தான். காசு வெச்சு சீட்டாடுறதுக்கு நம்ம மாநிலத்துல 1930லேர்ந்தே கேமிங் சட்டம் இருக்கு, அதுலயும் வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்லயும் (எல்லாரும் நடுவுல போட்ட மொத்தம்) இவ்ளோன்னு கமிஷன் உருவுனா கத முடிஞ்சுது, அந்தப் பக்கமே போயிராதீங்க. அதுக்காக சும்மா ஆடுனாலும் சப்புன்னு இருக்கும், இழக்க ஒண்ணுமில்லன்னா எல்லாரும் ரெண்டாவது கையிலயே, அதாவது ரெண்டாவது தடவ சீட்டு போட்டவுடனே, இருக்கறதெல்லாம் வெச்சு ஆல்-இன் போடுவானுங்க. அதனால எங்க ஏற்பாடு என்னன்னா மறுநாள் காலை டிபன் பில்ல, புள்ளி குறைஞ்சவங்க குறைஞ்ச அளவுக்குப் பங்கு போட்டுக்கணும். எட்டுப் பேரு வெளுத்துக் கட்டுற இட்லி, வடை பில்லு பெருசா ஒண்ணும் வராது, ஆனா தோத்தவன் மூஞ்சியப் பாக்கணுமே.

இப்ப எங்க மொதல் வருஷக் கூத்து. ஆன்லைன்ல 500 சிப்பு, அலுமினியப் பெட்டி, ஆறு கலர், 1, 5, 10, 25, 50, 100னு நம்பர் அடிச்சது, பாத்தவுடனே மயங்கி வாங்கிட்டேன். 500 இருக்கே எட்டுப் பேருக்கு எதேஷ்டம்னு ஆளுக்கு 60 சிப்பு அள்ளிக் கொடுத்தோம். எட்டு அறுபது 480. பெட்டியில மிச்சம் 20. நாலாவது கையிலயே சித்தப்பா மகன் காலியாயி இன்னொரு பை-இன் (ஆட உக்காரும்போது ஆளுக்குக் கொடுக்கற சிப்பு மொத்தம்) கொடுங்கடான்னான், கொடுக்க ஒண்ணுமில்ல. அப்ப ஆயா (பாட்டிய தான் சொல்றேன்) பல்லாங்குழிப் பலகையும் புளியங்கொட்டையும் எடுத்துக் கொடுத்தாக, சரி ஒரு கொட்டை 25ன்னு வெச்சுக்குவோம்னு ஆட்டம் ஓடுச்சு. அரை மணி நேரத்துல பாத்தா அத்தை மகன் முன்னாடி மட்டும் புளியங்கொட்டை குமியுது, ஒரு கையும் ஜெயிக்கல, ஆனா குமியுது! அப்புறந்தான் தெரிஞ்சுது, ரெண்டாங்கட்டுல கொட்டை எடுத்துப் போட்டிருந்த புளிக் கூடை பக்கம் தண்ணி குடிக்கப் போறேன்னு ரெண்டு தடவ போயிட்டு வந்திருக்கான். வீட்ல கெடக்கற பொருள சிப்பா வெக்காதீங்க, மாப்பிள்ளைங்கள நம்பாதீங்க, அவ்ளோதான்.

அன்னிக்கு எங்களுக்கு சிப்பு பத்தாம போகல, சில்லறை கணக்கு தப்பாப் போச்சு. மொத்தம் எத்தன சிப்புங்கறதுல ஒண்ணுமே இல்லங்க, எந்த மதிப்பு எங்க பொழங்குதுன்னு பாக்கணும். கடையில பெட்டியடியில உக்காந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். காலையில கடை தொறக்கும்போது பெட்டியில 2000 ரூவாய்க்கும் ஒத்த ரூவா காசா வெக்க மாட்டீங்க, எல்லாம் 500 நோட்டாவும் வெக்க மாட்டீங்க, அதிகமா கை மாறுறது பத்தும் இருபதும்னா அதுல தான் அதிகம் வெப்பீங்க. போக்கரும் அப்படியே தான்.

சரி எப்படிக் கணக்குப் போடுறது. மொதல்ல பிளைண்ட முடிவு பண்ணுங்க, சிப்ப வாங்கிட்டு பிளைண்ட யோசிக்காதீங்க, நான் பண்ணது அதான். வீட்டு ஆட்டத்துக்கு 1/2 நல்ல அளவு, சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2. பை-இன் பெரிய பிளைண்ட மாதிரி 100 மடங்கு, அதாவது 200. இது ஊரு ஒலகத்துல எல்லாரும் வெக்கற அளவு தான், 40, 50 மடங்குன்னு கொறச்சு வெச்சா ரெண்டு மூணு ரைஸ்லயே (பெட்ட ஏத்திக் கேக்கறது) எல்லாம் உள்ள போயிரும், ஆட ஒண்ணும் இருக்காது.

சின்ன பிளைண்ட் எவ்ளோவோ அதான் உங்க சிப்புலயே சின்ன மதிப்பு. அதுக்குக் கீழ ஒண்ணு வேணவே வேணாம். அங்கேர்ந்து மேல போகும்போது ஒவ்வொரு கலரும் முந்தினதப் போல நாலு இல்ல அஞ்சு மடங்கு இருக்கணும். 1, 5, 25, 100. நாலு கலர், முடிஞ்சுது. எங்க மொத பெட்டியில 5க்கும் 25க்கும் நடுவுல ஒரு 10, 25க்கும் 100க்கும் நடுவுல ஒரு 50 இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அது ரெண்டும் தான் வில்லன். 10ங்கிறது ரெண்டு அஞ்சு, அதுக்குன்னு தனியா ஒரு கலர் எதுக்கு, அத வெச்சு 25அ மாத்தவும் முடியாது, ரெண்டு பத்தும் ஒரு அஞ்சும் தேட வேண்டியிருக்கு, ஒவ்வொரு பெட்டுக்கும் மேஜையில பாதிப் பேரு விரல் விட்டு எண்ணிட்டு இருந்தானுங்க. ஆறு கலர் பெட்டி வாங்கியே தீருவேன்னா ரெண்டு கலர அப்படியே எடுத்து பரண்ல போடுங்க.

25 எதுக்கு, 20 வெச்சா என்னன்னு எங்க ஆச்சி கேட்டா (அக்காவ தான் நாங்க ஆச்சிம்போம்). நல்ல கேள்வி. 25ங்கிறது அமெரிக்காக்காரன் கால் டாலர் பழக்கம், நமக்கும் நாலணான்னு ஒரு காலத்துல இருந்துச்சு, 25 பைசா 2011 ஜூன் மாசத்தோட செல்லாமப் போச்சு, இப்ப இருக்கற புள்ளைங்களுக்கு 20 ரூவா தான் பழக்கம். 1, 5, 20, 100னு வெச்சாலும் கணக்கு அழகா வரும், அஞ்சு நாலு இருவது, இருவது அஞ்சு நூறு. நாங்க 25ல பழகிட்டோம், அதனால கீழ எல்லாம் 25 கணக்கு. ரெண்டையும் ஒரே ராத்திரியில கலக்காம இருந்தா சரி.

அடுத்தது தான் முக்கியம், எது எத்தன. ஒத்த சிப்பு, அதாவது 1 மதிப்புச் சிப்பு, நெறைய வேணும்னு தான் எல்லாருக்கும் தோணும், பிளைண்ட் அதுல தான கட்டுறோம்னு. ஆனா பாருங்க, ஒரு கைக்கு பிளைண்ட் ரெண்டும் சேத்து மூணு தான். எட்டுப் பேரு ஒரு சுத்து ஆடுனா ஒரு ஆளுக்கு பிளைண்ட் செலவு மூணு. கட்டுன ஒண்ணெல்லாம் யாரோ ஒருத்தன்கிட்ட ஜெயிச்சுப் போகுது, மேஜைய விட்டு எங்கயும் போயிரல, கேட்டா அஞ்சுக்கு மாத்திக் கொடுப்பான். அதனால ஆளுக்கு பத்து ஒத்த சிப்பு இருந்தா போதும் போதும்னு இருக்கும். ஆளுக்கு 25, 30 ஒத்த சிப்பு கொடுத்துப் பாருங்க, ஒவ்வொருத்தன் முன்னாடியும் கோபுரம் கட்டியிருப்பான், பாட்ட எண்ணவே ஒரு நாழி ஆகும்.

அப்ப எது நெறைய வேணும்? பெரிய பிளைண்ட மாதிரி ரெண்டு மூணு மடங்குல வர்ற சிப்பு. 1/2 ஆட்டத்துல எவனும் ரைஸ் 7ன்னு சொல்ல மாட்டான், 5ம்பான், 10ம்பான், கொஞ்சம் தெனாவெட்டா இருக்கறவன் 15ம்பான். எல்லாமே அஞ்சு. ஃப்ளாப்புக்கு (நடுவுல மொத மூணு சீட்டத் தொறந்து வெக்கறது) அப்புறம் போடுற பெட்டும் 15, 20, 30னு அஞ்சு அஞ்சாத்தான் ஓடும். அதனால அஞ்சு தான் உழைக்கற மாடு, அதுக்குத் தான் தீவனம் அதிகம். 25 வந்து பெரிய பெட்டுக்கு, 100 வந்து மறு பை-இன்னுக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜெயிச்சு உக்காந்திருக்கறவன் கோபுரத்தக் கொறைக்கறதுக்கும்.

எட்டுப் பேரு, 1/2, பை-இன் 200ன்னா ஆளுக்கு நாங்க கொடுக்கறது: ஒண்ணு 10, அஞ்சு 13, இருவத்தஞ்சு 5. பத்தும் அறுபத்தஞ்சும் நூத்திருவத்தஞ்சும் சேந்து 200. மொத்தம் ஒரு ஆளுக்கு 28 சிப்பு தான், கையில கனமாவும் இருக்கும், எண்ணவும் சுலபம். ஒத்த சிப்ப எப்பவும் அஞ்சோட மடங்காக் கொடுங்க, 10 இல்லன்னா 15, பன்னெண்டு கொடுத்தீங்கன்னா 200 நேராவே வராது, நான் பென்சிலோட உக்காந்து கால் மணி நேரம் ஏன் வரலன்னு யோசிச்சிருக்கேன்.

இப்ப பெட்டியில, அதாவது பேங்க்ல எவ்ளோ இருக்கணும். ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு ரெண்டரை பை-இன் ஆகும்னு கணக்கு வெச்சுக்குங்க, சில பேரு மொத பை-இன்லயே விடிய விடிய உக்காந்திருப்பான், சில பேரு அஞ்சு எடுப்பான், சராசரிக்கு அவ்ளோ. எட்டு இருநூறு 1600, அதுல ரெண்டரை மடங்கு 4000. நாங்க கடைசியா வாங்குன 300 சிப்பு இப்படி: ஒண்ணு 100, அஞ்சு 120, இருவத்தஞ்சு 60, நூறு 20. மதிப்பு 100, 600, 1500, 2000, கூட்டுனா 4200. ஆரம்பத்துல எட்டுப் பேருக்கும் கொடுத்தது போக பெட்டியில மிச்சம் ஒண்ணு 20, அஞ்சு 16, இருவத்தஞ்சு 20, நூறு 20, அதாவது 2600, பதிமூணு தடவ மறு பை-இன் கொடுக்கலாம். 500 சிப்பு பெட்டியில முடியாதது 300ல முடிஞ்சுது, எல்லாம் எத எவ்ளோங்கறதுல தான்.

மறு பை-இன் கேட்டு வர்றவனுக்கு மறுபடி சில்லறை எண்ணிக் கொடுக்காதீங்க. ரெண்டு நூறக் கொடுத்து, அதோ ஜெயிச்சவன்கிட்ட மாத்திக்கன்னு அனுப்புங்க. ஏற்கனவே மேஜையில எல்லாருக்கும் போதுமான சில்லறை இருக்கு, அது ஒருத்தன்கிட்ட சேந்து கெடக்கு, நூறு அவன்கிட்ட போனா அவன் கோபுரமும் கொறையும், இவனுக்கும் அஞ்சு கெடைக்கும். மாத்தறதெல்லாம் ரெண்டு கைக்கு நடுவுல தான், கை ஓடிக்கிட்டிருக்கும்போது மாத்துனா யாரு எவ்ளோ போட்டாங்கறதே கொழம்பிரும். அதே மாதிரி ஒண்ணுமே சொல்லாம ஒரே ஒரு பெரிய சிப்பத் தூக்கிப் போட்டா அது கால் (முன்னாடி போட்ட பெட்டுக்குச் சமமாப் போடுறது) மட்டும் தான், ரைஸ் கெடையாது, பெரிய ரூம்கள்லயும் இதான் ரூல். மொத வருஷம் கையில அஞ்சு இல்லாததால எல்லாரும் 25அத் தூக்கிப் போட்டுட்டு நான் ரைஸ் சொன்னேன், நீ சொல்லலன்னு சண்டை. சில்லறை சரியா இருந்தா பாதிச் சண்டை வராதுங்க, நெசமா.

ஆளு கூடுனா கொறஞ்சா? ஆறு பேருன்னா தாராளமா ஒண்ணு 15, அஞ்சு 17, இருவத்தஞ்சு 4, அதுவும் 200 தான். பத்துப் பேரு வந்துட்டாங்கன்னா ஒண்ணு 10, அஞ்சு 8, இருவத்தஞ்சு 6. அப்ப ஒண்ணும் இருவத்தஞ்சும் பெட்டியில சுத்தமாத் தீந்துரும், அஞ்சு 40ம் நூறு 20ம் மிச்சம், பதினோரு பை-இன்னுக்கு வரும், சமாளிச்சுரலாம். பதினோராவது ஆளு வந்தா ரெண்டு ஜமுக்காளமா பிரிங்க, ஒரே மேஜையில பதினோரு பேரு ஆடுனா அது ஆட்டமில்ல, பந்தி.

ஒண்ணே வேணாம்னு நெனைக்கறவங்க 5/10 ஆடலாம், பை-இன் 1000. கலரு 5, 25, 100, 500. ஆளுக்கு அஞ்சு 15, இருவத்தஞ்சு 17, நூறு 5. இங்க உழைக்கற மாடு 25. இதுக்கு 300 பத்தாது, 400 வாங்குங்க, அஞ்சு 120, இருவத்தஞ்சு 160, நூறு 100, ஐநூறு 20.

கலரப் பத்தி. வெளிய பொதுவா வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கருப்பு 100ன்னு வெப்பாங்க. எங்க வீட்ல அது சரிப்படல. பட்டாலையில ஒத்த மஞ்ச பல்பு, சுத்தி பர்மாத் தேக்குத் தூணு, கருப்பு மாதிரி இருக்கற கதவு, அந்த வெளிச்சத்துல பச்சையும் கருப்பும் ஒண்ணாத்தான் தெரியும், ஒரு ராத்திரி மாமா நூறுன்னு தெரியாமயே நாலு நூற தூக்கிப் போட்டுட்டாக. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத கண்ணுள்ளவங்களும் நம்ம குடும்பத்துல கண்டிப்பா ஒருத்தர் இருப்பாங்க, வெளிய சொல்லாம ஆடிட்டிருப்பாங்க. நாங்க வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள்னு வெச்சுட்டோம், 25 கருப்பு, 100 மஞ்சள். ராத்திரி உங்க வீட்டு வெளிச்சத்துல நாலையும் ஒரு கை தூரத்துல வெச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, கடை போட்டோவ நம்பாதீங்க.

நம்பர் அடிச்ச சிப்பா, அடிக்காததா? ஒரே ஆளுங்க கூட வருஷா வருஷம் ஆடுறீங்கன்னா அடிக்காதது தான் சூப்பர், இந்த வருஷம் வெள்ளை 1, அடுத்த வருஷம் அதே வெள்ளை 5ன்னு மாத்திக்கலாம், புதுசா வாங்க வேணாம். ஒரு அட்டையில எந்தக் கலர் எவ்ளோன்னு எழுதித் தூண்ல ஒட்டிருங்க. புதுப்புது ஆளுங்க வருவாங்கன்னா நம்பர் அடிச்சது தான் நிம்மதி.

சரக்கு ரகத்துக்கு ரொம்ப மண்டைய ஒடைக்காதீங்க. களிமண்ணு சிப்புன்னு விளம்பரம் போடுவான், 11.5 கிராம், 14 கிராம்னு எடை போடுவான், பாதிக்கு மேல அது உள்ள ஒரு இரும்புத் தகடு வெச்ச பிளாஸ்டிக் தான், ஆடுறதுக்கு ஒரு குறையும் இல்ல. குறுக்களவு 39 மில்லிமீட்டர் தான் வழக்கமான அளவு, அத மட்டும் பாத்துக்குங்க, அப்பத் தான் பின்னாடி கூட வாங்குனாலும் ஒண்ணா அடுக்கும். ரொம்ப லேசான பிளாஸ்டிக் வேணாம், ஆத்தங்குடிக் கல்லுத் தரை வழவழப்புக்கு அது ஒரு தட்டு தட்டுனா முற்றத்துக்கே போயிரும், எங்க வீட்ல ஒண்ணு முற்றத்து மூலையில மழத் தண்ணி போற துவாரத்துல விழுந்து இன்னும் அங்க தான் இருக்கு. அதுக்காக 500 சிப்பு 14 கிராம்ல வாங்கிட்டு பல்லவன் ரயில்ல மெட்ராஸ்லேர்ந்து தூக்கிட்டு வந்தா ஏழு கிலோ, பெட்டி எடை வேற, தோள்பட்டை போயிரும், அனுபவம். கல்லு மேல நேரா ஆடாம ஜமுக்காளத்த ரெண்டா மடிச்சு விரிங்க, சத்தமும் வராது, தூங்கறவங்க திட்டவும் மாட்டாங்க. கலருக்குப் பத்து சிப்பு கூட வாங்கி வெச்சுக்குங்க, வருஷத்துக்கு ரெண்டு மூணு எப்படியும் காணாமப் போகும்.

கடைசியா பெட்டியடி. யாராவது ஒருத்தர் மட்டும் தான் பேங்க், ரெண்டு பேரு கை வெக்கவே கூடாது. எங்களுக்கு ஆச்சி. ஒரு நோட்டுல பேரு எழுதி, ஒவ்வொரு பை-இன்னுக்கும் ஒரு கோடு. ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் சிப்ப 20 20ஆ அடுக்கி ஆச்சி முன்னாடி வெக்கணும், அவ எண்ணி எழுதுவா, கொடுத்த பை-இன்னு மொத்தமும் வந்த சிப்பு மொத்தமும் சரியா இருக்கணும். ஐந்தொகை டேலி ஆகாம எவனையும் படுக்கப் போக விட மாட்டா, வட்டிக்கடை ரத்தம்ல. ஒரு வருஷம் 25 கொறஞ்சுது, ரெண்டரை மணிக்கு எல்லாரும் பட்டாலையில குனிஞ்சு தேடுறோம், கடைசில ஆச்சி மகனே அத கன்னத்துல ஒதுக்கிட்டுத் தூங்கிட்டிருந்தான். சின்னப் புள்ள இருக்கற வீட்ல பெட்டிய ஒசரத்துல வைங்க, நெஜமா பயந்துட்டோம் அன்னிக்கு.

அலுமினியப் பெட்டி ரெண்டாவது வருஷமே கொக்கி ஒடஞ்சு போச்சு. இப்ப கலருக்கு ஒரு பனையோலைக் கொட்டான், நாலு கொட்டான், எடுக்கக் கொடுக்க அதான் வசதி, பேங்க்ல எது தீரப் போகுதுன்னு எட்டிப் பாத்தாலே தெரியும். ஆனா போன பொங்கலுக்குப் போய்ப் பாத்தா மூணு கொட்டான் தான் இருந்துச்சு, கருப்பு சிப்பெல்லாம் ஒரு தூக்குச்சட்டியில கெடக்கு. ஆயாகிட்ட கேட்டா, வெத்தலை வெக்க வேற நல்ல கொட்டான் இல்லப்பான்னுட்டாக.